ஏழடி தூரம்

லேப்பில் எனக்கு மூக்கம்மா என்று பெயர். இருபத்திரண்டு வருஷம் மாடாய் உழைத்து நான் வாங்கிய ஒரே பட்டம் அதுதான். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். ஒரு நாள் நான் திரும்பி நின்று, "மூக்கம்மா இங்கதான் நிக்கிறேன், மூஞ்சியைப் பார்த்தே சொல்லுங்களேன்" என்று ஒரு போடு போட்டேன். அன்றிலிருந்து மூஞ்சியைப் பார்த்தே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். உள்ளுக்குள் எனக்கு அதில் பெருமைதான். இல்லை என்று இப்போது சொன்னால் அது பொய். பொய் சொன்ன வரைக்கும் போதும்.

எங்கள் வேலை இதுதான். ஆஸ்பத்திரி வார்டுகளிலிருந்து ரத்தம், சிறுநீர், சளி, சீழ் எல்லாம் எங்களிடம் வரும். அதில் ஒரு துளியை எடுத்து, உள்ளங்கை அகலமுள்ள வட்டத் தட்டில், கிருமிகளுக்குத் தீனியாக உறைய வைத்த கூழின் மேல் இழுத்துவிடுவோம். கிருமி இருந்தால் மறுநாளோ அதற்கு மறுநாளோ புள்ளி புள்ளியாக முளைக்கும். அது எந்தக் கிருமி என்று நாங்கள் சொன்னால்தான் மேலே வார்டில் சரியான மருந்து கொடுக்க முடியும். அதற்கென்று எத்தனையோ சோதனைகள் இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் நேரம் பிடிக்கும். ஆனால் மூடியை லேசாகத் தூக்கி ஒரு தடவை மோந்து பார்த்தால் சில கிருமிகளை உட்கார்ந்த இடத்திலேயே சொல்லிவிடலாம். ஒன்றுக்குத் திராட்சைப் பழ வாசம். ஒன்றுக்குக் கருகிய சாக்லேட் வாசம். இன்னொன்று வெண்ணெயில் காய்ச்சிய சர்க்கரை போல மணக்கும், கிருமி என்று தெரியாவிட்டால் வாயில் எச்சில் ஊறும்.

மோந்து பார்க்கக் கூடாது என்று சுவரில் நோட்டீஸ் இருந்தது. அதை ஒட்டியவளே நான்தான். ஒட்டிவிட்டு வந்து உட்கார்ந்து அடுத்த தட்டை மோந்தேன். இதுதான் எங்கள் லட்சணம்.

சின்னவள் என் தம்பி பொண்டாட்டி. வீட்டில் எல்லோரும் அவளைச் சின்னவள் என்றுதான் சொல்வோம். நான் கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவள். அம்மா, தம்பி, சின்னவள், நான், நாலு பேரும் ஒரே வீடு. தம்பிக்குப் பெண் பார்க்கும்போது அவளும் லேப் படிப்பு படித்தவள் என்று தெரிந்ததும் நான்தான் ஒற்றைக்காலில் நின்று அந்தக் கல்யாணத்தை முடித்தேன். பிறகு எங்கள் லேப்பிலேயே அவளுக்கு வேலையும் வாங்கிக் கொடுத்தேன். வீட்டிலும் நாத்தனார், வேலையிலும் நாத்தனார். "இவங்க ரெண்டு பேருக்கும் எப்போ முட்டிக்கும்?" என்று எக்ஸ்ரே பிரிவில் பந்தயமே கட்டினார்கள். கட்டியவர்கள் எல்லாம் ஏமாந்துபோனார்கள்.

அவளோடு யாருக்கும் முட்டிக்கொள்ள வராது. நான் பத்து வார்த்தை பேசினால் அவள் ஒரு வார்த்தை பேசுவாள். நான் யாரையாவது காய்ச்சி எடுத்துவிட்டு வந்தால், "தண்ணி குடிங்க அண்ணி" என்று டம்ளரை நீட்டுவாள். அவ்வளவுதான் அவள் சொல்லும் அபிப்பிராயம்.

கல்யாணமாகி ஆறு வருஷம். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு முறை தங்கி, இரண்டாம் மாதமே கலைந்துவிட்டது. அதற்குள் அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். பிறகு ஒவ்வொரு வாசலாக நின்று, "இல்ல, அது நிக்கல" என்று சொல்ல வேண்டியதாயிற்று. அப்போது சின்னவள் ஒரு மாதம் தெருப்பக்கமே வரவில்லை. அதனால் இந்த முறை தங்கியபோது தம்பியிடம் மட்டும் சொன்னாள். எனக்குத் தெரிந்தது தற்செயல்தான். தட்டுக்கான கூழைக் கொதிக்க வைக்கும்போது ஆட்டு எலும்பு வேகிற மாதிரி ஒரு வாடை வரும். ஆறு வருஷமாக அந்த வாடையில் நின்றுகொண்டே டீ குடித்தவள், அன்று வாயைப் பொத்திக்கொண்டு தொட்டிக்கு ஓடினாள். நான் பின்னாலேயே போய் முதுகைத் தடவினேன்.

"எத்தனை நாளாடி?"

"ரெண்டு மாசம் அண்ணி. மூணு முடியற வரைக்கும் அத்தைகிட்ட மூச்சு விட்டுடாதீங்க."

"நான் எங்கடி மூச்சு விடப் போறேன், எனக்கு மூச்சே நின்னுபோச்சு" என்றேன். கழுவுகிற தொட்டி பக்கத்திலேயே ரெண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதோம். நான் அழுது அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இரண்டு வாரம் கழித்து அந்தத் தட்டு வந்தது. வார்டில் ஒரு நோயாளியின் ரத்தம். கூட வந்த சீட்டில், நோய் விவரம் எழுத வேண்டிய இடத்தில் ஒரே ஒரு வார்த்தை: காய்ச்சல். எத்தனை நாளாகக் காய்ச்சல், என்ன தொழில், ஆடு மாடு உண்டா, எதுவும் இல்லை. அந்தச் சீட்டில் அதற்கெல்லாம் தனித்தனியாகக் கட்டம் போட்டிருக்கிறது. எழுதத்தான் டாக்டர் தம்பிகளுக்குக் கை வலிக்கும்.

ரத்தத்தில் நாலு நாள் எதுவும் வளரவில்லை. அதற்குப் பிறகு வளர்ந்தது. தட்டில் இழுத்துவிட்டதில் இரண்டு நாள் கழித்து ஊசி முனை அளவில் பொடிப் பொடியாக, பனி விழுந்த மாதிரி ஏதோ இருந்தது. மெதுவாக வளர்கிறது என்றாலே எங்களுக்கு எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும். காற்றை உள்ளே உறிஞ்சி வடிகட்டுகிற கண்ணாடி அலமாரி ஒன்று மூலையில் இருக்கிறது. இப்படிப்பட்ட தட்டை அதற்குள் வைத்துத்தான் திறக்க வேண்டும். நான் அதைக் காசநோய்ச் சளிக்கு மட்டும்தான் திறப்பேன். இந்தத் தட்டை மேஜையிலேயே திறந்தேன். மோந்தேன். ஒரு வாசமும் இல்லை. மறுபடியும் நன்றாக இழுத்து மோந்தேன். ம்ஹூம்.

மற்ற மூன்று பேரும் டீக்குப் போயிருந்தார்கள். சின்னவள் ஜன்னல் பக்கம் தன் மேஜையில் ரிஜிஸ்டர் எழுதிக்கொண்டிருந்தாள்.

"ஏய், இங்க வாடி. இப்போ உன் மூக்கு என் மூக்கையே தூக்கிச் சாப்பிடுமே. புள்ளத்தாச்சி மூக்குக்குத் தப்பினது எது? இது என்னன்னு சொல்லு பார்ப்போம்."

அவள் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தாள். நான் மூடியைத் தூக்கி அவள் முகத்துக்கு நேராக நீட்டினேன். அவள் குனிந்து மோந்தாள்.

"ஒண்ணுமே இல்லையே அண்ணி."

"போடி, உன் வயித்துல இருக்கிறதும் உன்னை மாதிரி மந்தம்தான்" என்றேன். அவள் என் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். இதெல்லாம் ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

அதற்குப் பிறகுதான் நான் செய்ய வேண்டிய வேலையைச் செய்தேன். சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், மெல்லிய மணலைத் தூவிய மாதிரி பொடிப் பொடியாகச் சிவப்பு. யூரியா கலந்த சோதனைக் குழாயில் கொஞ்சம் போட்டு வைத்தேன். மஞ்சளாக இருந்தது கொஞ்ச நேரத்திலேயே ரோஜா நிறமாக மாறியது. குழாயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் தெரியாத மாதிரி மாடிப்படி ஏறி வார்டுக்கு ஓடினேன்.

கட்டிலில் ஒடுங்கிப்போன ஒரு ஆள் கிடந்தார். மூன்று மாதமாக விட்டு விட்டுக் காய்ச்சல், இடுப்பு வலி, விடியற்காலையில் பாயே நனைகிற அளவு வேர்வை. நாலு டாக்டர் பார்த்திருக்கிறார்கள். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

"வீட்டுல ஆடு மாடு ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

"ஆடுதாம்மா பொழைப்பே. நாப்பது உருப்படி கிடக்கு. ஏம்மா, அதுங்களுக்கு என்ன?"

"குட்டி கலைஞ்சுதா?"

"மூணுக்குக் கலைஞ்சுது. நான்தான் கையை விட்டு இழுத்துப் போட்டேன். உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

அவர் பக்கத்தில் நின்ற சின்ன டாக்டரைப் பார்த்து நான் அன்றைக்குப் பேசியதை இங்கே எழுதுவது நாகரிகமில்லை. மூன்று மாதமாக ஒரு மனுஷன் எரிந்துகொண்டிருக்கிறான், என்ன தொழில் என்று கேட்க நாக்கு வரவில்லையா என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். இப்போது யோசித்தால், அவ்வளவு கத்தியது அந்தப் பையனைப் பார்த்து மட்டும் இல்லை.

அந்தக் கிருமிக்குப் புரூசெல்லா என்று பெயர். ஆடு மாடுகளின் கருவைக் கலைக்கிற கிருமி. கலைந்த குட்டி, நஞ்சுக்கொடி, காய்ச்சாத பால், இதன் மூலமெல்லாம் மனிதர்களுக்கு வரும். எங்களுக்கு இன்னொரு வழியும் உண்டு, மூச்சு. உலகத்தில் லேப்காரர்களை அதிகம் பிடிக்கிற கிருமிகளில் அது ஒன்று. படிக்கிற காலத்திலேயே மனப்பாடம் செய்த வரி. மனிதர்களுக்குத் தடுப்பூசி கிடையாது. மூச்சில் போனது தெரிந்தால் உடனே மூன்று வாரம் மாத்திரை சாப்பிட வேண்டும். சாப்பிட்டால் அநேகமாகத் தப்பித்துவிடலாம்.

பெரிய டாக்டர், அதாவது எங்கள் லேப்பின் தலைவர், ரொம்பச் சாது. கோபம் வந்தால் கண்ணாடியைத் துடைப்பார். அன்று துடைத்துக்கொண்டே வந்தார். கையில் அச்சடித்த ஒரு படிவம், இன்னொரு கையில் தையல்காரர் வைத்திருக்கிற மாதிரி ஒரு டேப். எங்கள் ஐந்து பேரையும் நிற்க வைத்தார்.

"தட்டை வெளியில திறந்தது யாரு?"

"நான்தான் சார்."

"மோந்தீங்களா?"

"மோந்தேன் சார்."

கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டுக்கொண்டார். "அப்போ உங்களுக்கு அபாயம் ஜாஸ்தி. இன்னிக்கே மாத்திரை ஆரம்பிக்கணும். வேற யாராவது கிட்ட வந்தாங்களா? அஞ்சடிக்குள்ள யாராவது? யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

சின்னவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அந்த நேரத்தில் கிருமியை நினைக்கவில்லை. அம்மாவின் முகத்தை நினைத்தேன். தம்பியை நினைத்தேன். ஆறு வருஷம் கழித்து வந்ததை விளையாட்டுக்கு மோந்து பார்க்க வைத்தாள் அக்கா என்று அவனுக்குத் தெரிந்தால்? அதோடு, தட்டை நீட்டியது லேப்பிலேயே மூத்தவள், சுவரில் நோட்டீஸ் ஒட்டியவள். ஊரையே வாயால் அடிக்கிற எனக்கு அன்று வாயில் ஈரம் இல்லை. அவள் மோந்தது ஒரு தடவைதானே, நான்தானே நன்றாக இழுத்தேன், அந்த மாத்திரை குழந்தைக்கு ஏதாவது செய்துவிட்டால் என்ன ஆகும், சொல்லாமல் இருப்பதுதான் குழந்தைக்கு நல்லது என்று ஒரே விநாடியில் எனக்கு நானே வக்கீலாகிவிட்டேன்.

"இல்ல சார். யாரும் கிட்ட வரல."

"யாராவது கர்ப்பமா இருக்கீங்களா?"

சின்னவள் மெதுவாகக் கையைத் தோள் வரைக்கும் தூக்கினாள். மற்ற மூன்று பேரும் வாயைப் பிளந்தார்கள். பெரிய டாக்டரின் முகம் மாறிவிட்டது. அவர் தாமே குனிந்து என் மேஜைக்கும் அவள் நாற்காலிக்கும் நடுவில் டேப்பை இழுத்து அளந்தார். ஒரு முனையை நான்தான் பிடித்துக்கொண்டேன்.

"ஏழடி" என்றார். பெருமூச்சு விட்டார். "நல்ல வேளைம்மா. நீ அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கலையே?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் டேப்பைச் சுருட்டினேன்.

"இல்ல சார்" என்றாள்.

அவளும் மாத்திரை வேண்டாம் என்றுதான் மறைக்கிறாள் என்று நான் எடுத்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது. பெரிய டாக்டர் மகப்பேறு டாக்டரம்மாவிடமும் போனில் கேட்டார். தூரத்தில் இருந்தவள், அபாயம் குறைவு, தேவையில்லாமல் கர்ப்பிணிக்கு மாத்திரை எதற்கு, தினமும் காய்ச்சல் பார்த்துக்கொண்டு, அவ்வப்போது ரத்தம் பார்த்தால் போதும் என்று இரண்டு பேரும் முடிவு செய்தார்கள். அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. அவர்களுக்குக் கிடைத்த கணக்கு ஏழடி.

நான் மாத்திரை சாப்பிட ஆரம்பித்தேன். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், வயிற்றைப் புரட்டும். ஒவ்வொரு தடவை விழுங்கும்போதும் இது அவளுக்குச் சேர வேண்டியது என்று தோன்றும். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று தினமும் காலையில் கிளம்புவேன். லேப்புக்குப் போனதும் அவள் தெர்மாமீட்டரை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு எனக்குக் கட்டைவிரலைக் காட்டுவாள். காய்ச்சல் இல்லை. அப்படியானால் ஒன்றும் இல்லைதானே, இனிமேல் எதற்குச் சொல்லி ரகளை என்று விட்டுவிடுவேன். ஒரு தடவை மட்டும் சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"எதுக்கும் நீயும் மாத்திரை சாப்பிட்டா என்னடி?"

"டாக்டருங்க வேணாம்னு சொல்லிட்டாங்களே அண்ணி. என்ன காரணம் சொல்லி நான் கேக்கிறது?"

நான் அடுத்த தட்டுக்கு நம்பர் எழுத ஆரம்பித்தேன். முதல் ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தது. மூன்று மாதம் முடிந்தது. அம்மாவிடம் சொன்னார்கள். அம்மா இந்த முறை தெருவுக்குப் போகவில்லை. சின்னவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள். தம்பி மாடிப்படிக்குக் கைப்பிடி வைத்தான், குளியலறைக்கு வழுக்காத பாய் வாங்கிப் போட்டான். நாற்பது வயதில் குட்டிக்கரணம் போடாத குறை. அந்த வீட்டில் நான் எந்த மூலையில் நின்றுகொண்டு அதைச் சொல்வேன்?

அந்தத் தட்டு வந்த நாலாவது வாரம் ஆட்டுக்காரர் லேப்பைத் தேடிக்கொண்டு வந்தார். ஆளே மாறியிருந்தார், கன்னத்தில் சதை போட்டிருந்தது.

"மோந்து பார்த்தே கண்டுபிடிச்ச அம்மா யாருங்க? வார்டுல சொன்னாங்க. கும்பிட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

எல்லோரும் என்னைக் காட்டிச் சிரித்தார்கள். பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்று இருந்தது. சின்னவள்தான் எழுந்து வந்து அவரை உட்கார வைத்தாள். ஆடுகளுக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்தாள். ஆட்டு டாக்டர் வந்து எல்லாவற்றுக்கும் ரத்தம் எடுத்தாராம். நோய் இருந்த ஆடுகளைக் கழித்துவிட்டு, பெட்டைக் குட்டிகளுக்குத் தடுப்பூசி போட்டாராம்.

"குட்டி போடறப்போ இனிமே வெறும் கையை விடாதீங்க. கையுறை போட்டுக்குங்க. கலைஞ்சு விழுந்ததை நாய்க்குப் போடாதீங்க, ஆழமா குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைங்க. பாலைப் பொங்கக் காய்ச்சாம வீட்டுல யாரும் வாயில வைக்கக் கூடாது. வீட்டுல யாருக்காவது காய்ச்சல் வந்தா, கேக்கறதுக்கு முன்னாடியே ஆடு வெச்சிருக்கோம்னு டாக்டர்கிட்ட சொல்லிடுங்க" என்று விரல் விட்டு விரல் விட்டுச் சொன்னாள். அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

"சரிம்மா, சரிம்மா" என்று தலையாட்டிக்கொண்டிருந்தவர், "முதல்லயே தெரியாம போச்சும்மா. நல்லாத்தான் மேயும், ஒரு குறையும் தெரியாது. அது உள்ள இருக்குன்னே தெரியாது. நாலாம் மாசம் திடீர்னு கீழ விழுந்துடும்" என்றார்.

சின்னவளின் கை வயிற்றின் மேல் போய் நின்றது. நான் அதைப் பார்த்தேன். அவள் நாலாவது மாதத்தில் இருந்தாள்.

அடுத்த வாரம் காலையில் தெர்மாமீட்டரை வாயிலிருந்து எடுத்தவள் கட்டைவிரலைக் காட்டவில்லை. தெர்மாமீட்டரை என் கையில் கொடுத்தாள். நூற்று ஒன்று. "இடுப்பு நேத்துலேருந்தே வலிக்குது அண்ணி" என்றாள்.

அவள் ரத்தத்தை நான்தான் எடுத்தேன். நான்தான் சோதித்தேன். வேறு யாரையும் விடவில்லை. வெள்ளை அட்டையில் ரத்த நீர் ஒரு துளி, பக்கத்தில் ரோஜா நிற மருந்து ஒரு துளி, இரண்டையும் கலந்து நாலு நிமிஷம் அட்டையை ஆட்ட வேண்டும். கலங்காமல் இருந்தால் ஒன்றுமில்லை. திரி திரியாகப் பிரிந்தால் நோய் இருக்கிறது. நாலு நிமிஷம் தேவைப்படவில்லை. முதல் நிமிஷத்திலேயே பால் திரிந்த மாதிரி பிரிந்துவிட்டது. தப்பாக இருக்கும் என்று மறுபடியும் செய்தேன். மறுபடியும் பிரிந்தது. மூன்றாம் முறை செய்யப் போனபோது பெரிய டாக்டர் வந்து என் கையிலிருந்து அட்டையை வாங்கிக்கொண்டார்.

"ஏழடிம்மா" என்றார், என்னைப் பார்த்து அல்ல, அட்டையைப் பார்த்து. "ஏழடியில எப்படி வரும்?"

உடனே மேலே சேர்த்தார்கள், உடனே மருந்து ஆரம்பித்தார்கள். இரண்டு நாள் மருந்து இறங்கியது. மூன்றாம் நாள் காலையில் குழந்தை போய்விட்டது. ஆண் குழந்தை. நர்ஸம்மா துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டியபோது தம்பி கையை நீட்டி வாங்கிக்கொண்டான். அவன் உள்ளங்கைக்குள்ளேயே அடங்கிவிட்டது. நான் அவன் பக்கத்தில்தான் நின்றேன். பார்க்காமல் இருக்க எனக்கு உரிமை இல்லை என்று பார்த்தேன்.

அம்மா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். "அந்தக் கிருமிக் கடையில வேலை வேணாம்னு தலைதலையா அடிச்சிக்கிட்டேன். கேட்டாளா? எதையாவது கையை வெச்சிருப்பா. பெரியவ எவ்வளவு ஜாக்கிரதையா இருக்கா, அவளைப் பார்த்தாவது கத்துக்கக் கூடாதா?" கதவு திறந்துதான் இருந்தது. சின்னவள் காதில் ஒவ்வொரு வார்த்தையும் விழுந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள்.

மத்தியானம் பெரிய டாக்டர் வந்தார். படிவத்தை மறுபடி எழுத வேண்டும், எப்படி வந்தது என்று கண்டுபிடித்தே ஆக வேண்டும், லேப்பில் மற்றவர்களையும் பார்க்க வேண்டும் என்றார். சின்னவள் தலையணையில் சாய்ந்தபடி, "நானேதான் சார். யாரும் இல்லாதப்போ எழுந்து போய்த் திறந்து பார்த்தேன். பயந்துக்கிட்டுச் சொல்லல" என்றாள். அவர் கண்ணாடியைத் துடைத்தார். அப்படியே எழுதிக்கொண்டு போனார்.

தம்பி வெந்நீர் வாங்கக் கீழே போயிருந்தான். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"எதுக்குடி பொய் சொன்ன? நான்தானே கூப்பிட்டேன். நான்தானேடி நீட்டினேன். நான் பாவி, அன்னிக்கே சொல்லியிருக்கணும். நீயும் மாத்திரைக்குப் பயந்துதான் சொல்லலைன்னு நினைச்சுட்டேன்."

அவள் கண்ணைத் திறந்தாள். என் மேல் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். களைப்பு மட்டும்தான் இருந்தது.

"மாத்திரைக்கு நான் ஏன் அண்ணி பயப்படப் போறேன்? நானும் அதே படிப்புதானே படிச்சேன். எது பெரிய ஆபத்துன்னு எனக்குத் தெரியாதா? உங்க வாயைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். நீங்க சொல்லிடுவீங்க, சொல்லிடுவீங்கன்னு."

"நீ சொல்லியிருக்கலாமேடி!"

"உங்களை வெச்சுக்கிட்டு, உங்க சார் முன்னாடி, அண்ணிதான் நீட்டினாங்கன்னு நான் எப்படிச் சொல்றது? இந்த வீட்டுக்கு என்னைக் கூட்டிக்கிட்டு வந்ததே நீங்க. அந்த மாத்திரை சாப்பிட்டா என்னன்னு ஒரு நாள் கேட்டீங்க இல்ல, அன்னிக்காவது சொல்லுவீங்கன்னு இருந்தேன். அப்புறம் தினம் காலையில ஜுரம் இல்லைன்னதும் நானும் எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நம்பிட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "என் மேலயும் தப்பு இருக்கு. பெத்துக்கப் போறவ நான். நான் வாயைத் திறந்திருக்கணும்."

"அய்யோ, அப்படிச் சொல்லாதடி" என்று நான் அழுதேன். அவள் கை நீண்டு வரவில்லை. வர வேண்டும் என்று எதிர்பார்த்த என்னை எதால் அடிப்பது என்று தெரியவில்லை.

கதவு திறந்தது. தம்பி பிளாஸ்க்கோடு உள்ளே வந்தான். மூன்று நாள் தாடி, கசங்கிய சட்டை. என் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

சின்னவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். "உங்க அக்கா உங்ககிட்ட ஏதோ சொல்லணுமாம்" என்றாள்.

தம்பி பிளாஸ்க்கை வைத்துவிட்டு, மூலையில் கிடந்த நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டான்.

"உக்காந்து சொல்லுக்கா. மூணு நாளா எங்களுக்காக நீதான் நின்னுக்கிட்டே இருக்கே."

நான் நின்றுகொண்டே சொன்னேன்.